திரை எடுக்காத விரல்

அந்தத் தேர்வில் ஒரே ஒரு மாணவியின் விடைத்தாள் மட்டும் வெறுமையாக வந்தது. தாள் என்பது பழக்கதோஷம். எங்கள் நர்சிங் பள்ளியில் அந்த ஆண்டுதான் எல்லோருக்கும் டேப் கொடுத்திருந்தார்கள். மருந்தளவுக் கணக்கைத் திரையைத் தொட்டுத்தான் போட வேண்டும். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் அவள். மரக்காணம் உப்பளத்தில் ஆறேழு வருடம் உப்பு வாரிவிட்டுப் படிக்க வந்தவள். "திரை என் விரல எடுக்க மாட்டேங்குதுங்க மேடம்" என்றாள். படிக்காமல் வந்துவிட்டுச் சாக்கு சொல்கிறாள் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன்.

அடுத்த மாதம் களப்பயிற்சிக்கு அதே உப்பளத்துக்குப் போனோம். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் பாத்தியில் வெறுங்காலோடு நின்றிருந்தார். உள்ளங்காலில் புண். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் சிரித்தார். "வலியே இல்லம்மா. மழைக்கு முந்தி உப்ப வாரணும், நீங்க வேற." வலி தெரியாததுதான் ஆபத்து என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

அவள் அவரை வரப்பில் உட்காரவைத்து, நல்ல தண்ணீரில் காலைக் கழுவினாள். "போட்டோ எடுக்கட்டா மாமா? உங்களுக்குக் காட்டத்தான்" என்று கேட்டு டேப்பில் படமெடுத்தாள். படத்தை அவள் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். விரல் நுனியால் அல்ல, இரு கைகளிலும் விரலை மடக்கி, முட்டியால் தள்ளினாள். நுனியெல்லாம் உப்பில் காய்ப்பேறிக் கட்டையாகியிருந்தது. தேர்வன்று திரை அவள் தொடுதலை உணராதது அதனால்தான்.

பெரியவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். "இது என் காலா?"

"உங்க காலுதான் மாமா. குழி எலும்புகிட்ட போயிட்டிருக்குது. நாளைக்கே போலாம், நானும் வர்றேன்."

மறுநாள் அவளோடு போனார். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, காகிதத்தில் மறுதேர்வு வைத்தேன். ஒரு கணக்கு தவிர எல்லாம் சரி. "முட்டியால தட்டலாம்னு அன்னைக்கு எனக்கே தெரியாதுங்க மேடம். அப்புறம்தான் பழகினேன்" என்றாள்.

இன்று அவள் கடலோரச் சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸ். போன வாரம் போனில் பேசினாள். பெரியவர் மாதம் தவறாமல் வந்து காலை நீட்டுகிறாராம். தனியாக வருவதில்லை, பக்கத்துப் பாத்திக்காரர்களையும் இழுத்து வருகிறார். வர மறுப்பவர்களிடம் அவர் ஒன்றுதான் கேட்பாராம்: "டேய், உன் உள்ளங்கால நீ கடைசியா எப்பப் பார்த்த?"