பாதி மீசை அண்ணன்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் தமிழ் நாடகத்துக்குக் கடைசி ஒத்திகை. எல்லோரும் ஆபீஸ் போகிறவர்கள். லீவு நாளில் மட்டும் நடிகர்கள். மேக்கப் என் பொறுப்பு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறுதான் கதை. தம்பியை வீட்டை விட்டுத் துரத்தும் அண்ணனாக நடித்தவர் மாட்டுங்காக்காரர், நிஜத்திலும் கொஞ்சம் சிடுமூஞ்சி. அன்று அவருக்குக் கனமான ஒட்டு மீசை வைத்திருந்தேன்.

ஒத்திகை நடுவில் எங்கள் கட்டட வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றார். நேபாளத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறைமாதமாக இருந்த மனைவியை முந்தின நாள் கோவண்டி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், ரத்தம் கொடுக்க உங்கள் ஆட்களை அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய ஆட்கள் எல்லோரும் நேபாளத்தில் இருந்தார்கள்.

பாவம் என்றோம். நாடகக்காரர்களுக்குப் பாவம் என்று தோன்றினால் என்ன செய்வார்கள்? நிகழ்ச்சி நடத்துவார்கள். அவருக்குப் பணம் திரட்ட அடுத்த மாதமே ஓர் உதவி நாடகம் போடலாம் என்றார் ஒருவர். எந்த நாடகம், யார் சீஃப் கெஸ்ட், பொன்னாடை யார் போர்த்துவது என்று பேச்சு சூடு பிடித்தது. வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாக, "சாப், பிளட் ஆஜ் சாஹியே" என்றார். ரத்தம் இன்றைக்கு வேண்டும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலில் செருப்பைத் தேடியவர் சிடுமூஞ்சி அண்ணன்தான். "சீஃப் கெஸ்டை அப்புறம் பாத்துக்கலாம். யாராவது போய் ஆட்டோ பிடிங்கோ" என்று எரிந்து விழுந்தார்.

மேக்கப் கலைக்க நேரமில்லை. பவுடர் அப்பிய முகமும் ஜரிகை வேட்டியுமாக இறங்கிய எங்களைக் கல்யாண கோஷ்டி என்று நினைத்தார்களோ என்னவோ, ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரத்த வங்கியில் பாதிப் பேர் தேறவில்லை. ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு பிரஷர். எனக்கு ஹீமோகுளோபின் போதவில்லையாம். தேறியவர்களில் அண்ணனும் ஒருவர். ஆனால் அடையாள அட்டையில் அவருக்கு மீசை இல்லை. கவுன்டரில் இருந்த பெண் சந்தேகமாகப் பார்த்தாள். இவர் மீசையைப் பிடித்து இழுத்தார். பாதி வந்தது. மீதி, என் கோந்தின் புண்ணியத்தில், வர மறுத்தது.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேஷண்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று ஹிந்தியில் கேட்டாள். இரண்டு மாதமாக ஒத்திகையில் இந்த மனிதர், 'நீ என் தம்பியே இல்லை, வெளியே போ' என்று முழங்கிக்கொண்டிருந்தவர். யோசிக்கவேயில்லை. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனின் தோளில் கை வைத்து, "யே மேரா சோட்டா பாய் ஹை" என்றார். இவன் என் தம்பி. காலையிலிருந்து கல் மாதிரி நின்ற வாட்ச்மேன் அப்போதுதான் அழுதார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்துக்கொண்டாள். எங்கள் நாடகமும் குறித்த நாளில் நடந்தது, ஒத்திகை போதாமல் ஏகப்பட்ட தடுமாற்றத்தோடு. அண்ணன் 'வெளியே போ' என்று கர்ஜித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஒரு வார்த்தை புரியாமல் பலமாகக் கைதட்டினார்.

உதவி நாடகம் கடைசிவரை போடவேயில்லை. ஊர் விட்டு வந்த யாரோ தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அந்தப் பாதி மீசை முகம் இன்றும் என் கண்முன் வந்து நிற்கிறது, என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.