விதைக்கு விட்ட ஆகாயத்தாமரை

ராசிங்காபுரத்தில் எங்கள் கண்மாய் ஆகாயத்தாமரையைத் திட்டாத ஆள் கிடையாது. மடையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வயலுக்குப் போகாது, கொசு வேறு. என் அண்ணன் மட்டும் திட்டவில்லை. போடிமெட்டுக்கு மேலே நான் வேலை பார்க்கிற ஏலக்காய்த் தோட்டத்தில், கோடையில் செடியின் தூரை மூடிவைக்க இலைதழை போதாது. காய்ந்த ஆகாயத்தாமரை போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும் என்று எங்கள் கங்காணி கேட்டார். அண்ணன் அறுத்துக் கரையில் காயப்போட்டு, காலையில் எங்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் மேலேயே லோடு கட்டி அனுப்பினான்.

எல்லாவற்றையும் அவன் அள்ளவில்லை. மடைப் பக்கம் ஒரு பாத்தி அளவு விட்டுவைத்தான்.

“அந்தச் சனியனையும் பிடுங்குடா” என்றாள் அம்மா.

“வெதைக்கு வேணாமா? வழிச்செடுத்துட்டா அடுத்த கோடைக்கு எங்க போறது?”

“களைக்கு வெத வைக்கிற மொத ஆளு நீதான்டா.”

அந்தச் செடிக்கு விதையே வைக்க வேண்டாம். ஒரு துண்டு மிதந்தால் கண்மாய் நிறைந்துவிடும். எங்களுக்குத் தெரிந்தது நெல்லும் சோளமும்தான்.

மழைக்குப் பிறகு அந்தப் பாத்தி பரவி, செங்கல் சூளைக்கு மண் அள்ளிய குழியை மூடிவிட்டது. மேலே ஊதாப் பூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் தண்ணீர்தான் என்று அறுக்க இறங்கிய அண்ணன் குழிக்குள் போய்விட்டான். காலைச் சுற்றிய வேர் அவனை விடவில்லை. தேடினவர்கள் விலக்க விலக்க, செடி திரும்பி வந்து மூடிக்கொண்டது.

“வெதச்சான்ல, அறுக்கப் போயிருக்கான்” என்று கரையில் ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணனை அப்போது இன்னும் எடுக்கவே இல்லை. எடுத்தபோது வாயில் வேர் இருந்தது, கறுப்பாக, மயிர் மாதிரி. அம்மா விரலை விட்டு எடுத்தாள்.

கருமாதி முடிந்ததும் பக்கத்து வயல் மாமாவிடம் போனேன். லோடு ஏற்றுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாத்தியை அடியோடு எடுத்துவிடச் சொன்னேன்.

“எடுத்துட்டா நான் எதை ஏத்துறது ஆத்தா? ஒங்கண்ணன் புண்ணியத்துல சோலி ஓடுது.”

தோட்டத்தில் அதை நான்தான் தூரில் பரப்பினேன். ஒரு பிடியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏ புள்ள, அதுல என்ன சோசியம் பாக்குற? வெரசாப் போடு” என்றார் கங்காணி. அண்ணன் எதில் செத்தான் என்று அவருக்குத் தெரியும். நான் வேலைக்கு வராத நாட்களைத்தான் பெரிதாகப் பேசினார். அந்தக் கோடையில் நான் மூடிவைத்த செடி ஒன்றுகூட வாடவில்லை.

யாரும் எடுக்காவிட்டால் நானே எடுப்பது என்று ஒரு லீவு நாளில் அரிவாளோடு கண்மாய்க்குப் போனேன். தண்ணீர் வற்றி, பாத்தி சேற்றில் கிடந்தது. முதல் கொத்தைப் பிடித்து இழுக்கும்போது அம்மா வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கையில் கயிறு வைத்திருந்தாள்.

“மாட்டுக்கு ஒரு கட்டுக் கொண்டா. வைக்கோல் தீந்துபோச்சு.”

“யம்மா, இது அண்ணனை…”

“தெரியும்டி. வேரோட இழுக்காத, மேலாப்புல அறு. அடுத்த வாரத்துக்கும் வேணும்.”

கயிற்றைக் கரையில் விரித்துப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த கொத்தை விட்டேன். மேலாகத்தான் அறுத்தேன்.