அறுபது ஆட்டமும் ஒரு கோலும்

2019: ஆட்டம் 16, கோல் 0, தண்டனை 44 நிமிடம்.
2022: ஆட்டம் 18, கோல் 1, தண்டனை 52 நிமிடம்.
2023: ஆட்டம் 17, கோல் 0, தண்டனை 61 நிமிடம்.
16.06.2024 வரை: ஆட்டம் 9, கோல் 0, தண்டனை 47 நிமிடம்.
கூட்டு: ஆட்டம் 60, கோல் 1, தண்டனை 204 நிமிடம்.

இது சுஜீதனுடைய கணக்கு. மேற்குச் சிட்னியில் ஞாயிறு பிற்பகல்களில் பனித்தள ஹொக்கி ஆடும் ஒரு சிறிய அணியில் அவன் பின்வரிசைக்காரன். இடையில் இரண்டு ஆண்டுகள் தொற்றுக் காலம், ஆட்டம் இல்லை. என் மகன் ஜெயதீபன் அணித்தலைவன். ஆட்ட மேசையில் இருந்து கோலையும், பிழை செய்தவன் வெளியே உட்கார வேண்டிய தண்டனை நிமிடங்களையும் பதிவது என் வேலை.

சுஜீதன் 2012இல் படகில் வந்து தடுப்பு முகாமில் இருந்தவன். இன்னும் தற்காலிக விசாதான். பென்டில் ஹில்லில் அறை, லிட்கம்மில் கிடங்கு வேலை. இங்கே அவனுடைய முதல் வேலை பனித்தளத்தில் துப்புரவு. வேலை முடிந்தபின் சறுக்க விட்டார்கள், அப்படிப் பழகினான். ஆறடிக்கு மேல் உயரம். சறுக்கத் தெரியும், விழாமல் நிற்கத் தெரியும், கோல் அடிக்கத் தெரியாது. அந்த ஒரு கோலும் யாரோ அடித்தது, அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. "அங்கிள், முதுகு என்டு எழுதிப்போடாதேங்கோ" என்று மேசைக்கு வந்து கேட்டான். அப்படி எழுத அந்தத் தாளில் இடமும் இல்லை.

எங்கள் கோல்களில் பாதிக்கு மேல் விவேக்குடையவை. கோயம்புத்தூர்ப் பையன், கணினி வேலை, மெலிந்த உடம்பு. அவனை யாராவது மோதித் தள்ளினால் அடுத்த ஆள் மாற்றத்தில் சுஜீதன் களத்தில் இறங்குவான். தள்ளியவனை ஒட்டியே சறுக்குவான். "சுகமோ தம்பி?" என்று தமிழிலேயே கேட்பான். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான். மோதியவன் பிறகு விவேக்குக்குக் கிட்டப் போவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். முன்வரிசைக்காரர்கள் களைத்துப் போனால் இவன்தான் மூலையில் பக் என்ற அந்த ரப்பர் வட்டை மறித்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவார்கள். அடிக்கிற அடியெல்லாம் இவன் கணுக்காலில் விழும்.

ஆட்டம் முடிந்ததும் பென்டில் ஹில் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு எதிரணி அறைக்குப் போவான். அன்று யாரோடு மோதித் தண்டனை வாங்கினானோ அவனுக்கு முதல் ரோல்.

2024 ஜூன் 16 அன்று எதிரணியின் டேமியன் என்ற பிளம்பர், விவேக்கைப் பின்னாலிருந்து தள்ளித் தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதவைத்தான். விவேக் எழும்பவில்லை. சுஜீதன் டேமியனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பலகையில் சாத்தி, நடுவர் வரும்வரை விடவில்லை. அடிக்கவில்லை, பிடித்தபடி நின்றான். நடுவர் அவனைக் களத்தை விட்டு அனுப்பினார். ஒரே பருவத்தில் இது இரண்டாவது தடவை. அப்படியானால் ஒழுங்குக் குழு விசாரிக்கும். நிரந்தரமாக நீக்கவும் முடியும்.

அன்று காரில் விவேக் நெற்றியில் ஐஸ் பையோடு இருந்தான்.

"அண்ணா, எனக்காக நீங்க ஏன் மாட்டிக்கிட்டீங்க?"

"நீ கோல் அடிக்கிறனி. நான் என்னத்துக்கு இருக்கிறன், பனி கூட்டவோ?"

பிறகு சுஜீதன் என்னிடம் திரும்பினான். "அங்கிள், முகாமிலை எனக்குப் படகு நம்பர்தான் பேர். இஞ்சையும் முதுகிலை நம்பர்தான். ஆனா இது நானா எடுத்த நம்பர். அதைப் பறிப்பினமோ?"



மருமகள் வதனி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எங்கள் சனத்துக்கு விசாவுக்கான நற்சான்றுக் கடிதங்களை எழுதிக் கொடுப்பவள் அவள். கணினியில் ஒரு மாதிரி வைத்திருக்கிறாள். பெயரை மாற்றினால் போதும். ஒரே மாலையில் பன்னிரண்டு பேரின் கையெழுத்தோடு பன்னிரண்டு கடிதம் தயார்.

"மாமா, நீங்களும் ஒண்டிலை கையெழுத்து வையுங்கோ."

வாசித்தேன். சுஜீதன் யாரிடமும் குரலுயர்த்தாதவன், வாழ்நாளில் ஒரு சச்சரவிலும் சேராதவன் என்றிருந்தது.

"பிள்ளை, இவன்ரை இருநூற்று நாலு நிமிசத்தை எழுதினது நான்."

"விசாவுக்கு இப்பிடித்தான் மாமா எழுதுறது!"

"இது விசா இல்லையே."

"அப்ப நீங்கள் வையாதேங்கோ. பன்னிரண்டு காணும்."

ஜூலை 3, புதன்கிழமை விசாரணை. தலைவியாக இருந்த அம்மையார் பன்னிரண்டு கடிதங்களையும் மேசையில் வரிசையாக விரித்தார். பன்னிரண்டும் சொல்லுக்குச் சொல் ஒன்று. ஒன்றில் மட்டும் பழைய பெயர் மாறவில்லை. அதில் சுஜீதன் கமலேஸ்வரி என்ற விதவையாகவும் மெரிலேண்ட்ஸில் சிறந்த தையற்காரியாகவும் இருந்தான். பக்கத்தில் என் பதிவுத் தாள்களை வைத்தார். "இவற்றில் எதை நான் நம்புவது?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. இப்படியான ஆதரவு இல்லாமலே வந்திருந்தால் நல்லது என்றார். முடிவு கடிதமாக வரும் என்று அனுப்பிவிட்டார். 

அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்டத்துக்கு முந்தியது டேமியனின் ஆட்டம். முடித்துவிட்டு மேசைக்கு வந்தான்.

"சுகமோ?" என்றான் என்னிடம். பிறகு ஆங்கிலத்தில், பெரியவன் எங்கே என்று கேட்டான். விசாரணை நடந்ததைச் சொன்னேன். நீக்கக்கூடும் என்றதும் அவன் முகம் மாறியது. குழுவின் முகவரி கேட்டான். அங்கேயே, என் மேசையில், என் பேனாவால் ஒரு பக்கம் எழுதினான்.

இந்த ஐந்து ஆண்டில் சுஜீதன் தன்னை நான்கு தடவை சட்டையில் பிடித்திருக்கிறான், ஒரு தடவையும் அடிக்கவில்லை. நான்கு தடவையும் பிழை தன்னுடையது. நான்கு தடவையும் ரோல்ஸ் சாப்பிட்டதாக எழுதினான். கடைசி வரிகள்: "அவன் களத்தில் இருந்தால் நான் கவனமாக ஆடுவேன். அவனை நீக்கினால் அந்தச் சின்னப் பையனைக் காப்பாற்ற வேறொருவன் வருவான். அவன் கையால் பிடிக்க மாட்டான், குத்துவான்."

அனுப்பும்படி வதனியிடம் கொடுத்தேன்.

"மாமா, ஆறு எழுத்துப் பிழை. திருத்தட்டோ?"

"கை வைக்காதை பிள்ளை."

குழுவின் பதில் ஜெயதீபன் பெயருக்கு வந்தது. மூன்று ஆட்டத் தடை, அதன்பின் ஆடலாம். இனிமேல் சான்றுக் கடிதங்களை அவரவர் தம் சொல்லில் எழுதவும் என்று அடியில் ஒரு வரி. ஜெயதீபன் அதைத் தொலைபேசியில் சுஜீதனுக்கு வாசித்துக் காட்டினான்.

"மூண்டோ? அப்ப இறுதியாட்டத்துக்கு நிப்பன். வதனி அக்காவுக்குச் சொல்லுங்கோ, தையற்காரி சுகமாம்."

கடிதம் கிடைத்தது 19.07.2024, வெள்ளிக்கிழமை.