பீரோ இருந்த அறையில் அக்காவின் கிடார்

அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். வாரம் முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவில் நிற்பவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் பாடுவார்கள், கீபோர்டு வாசிப்பார்கள். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடகர் குழுவின் ஓரத்தில் நின்றது அவள் ஒருத்திதான்.

பைபாஸ் பக்கம் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. வேலூரில் ஆபரேஷன் நடந்தது. விரல்கள் பிழைத்தன, ஆனால் மடங்கவில்லை. கிடாரில் கம்பிகளை அழுத்துவது இடது கை. டாக்டர் பதமாகத்தான் சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் ஆம்பூர் போனபோது, கிடாரின் கம்பிகளை எல்லாம் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். விற்கப்போகிறாளோ என்று நினைத்தேன்.

"மாத்தி மாட்டப் போறேன். வலது கையால அமுக்கிட்டு இடது கையால மீட்டினா ஆச்சு" என்றாள்.

"முதல்லருந்து கத்துக்கணுமேக்கா."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

அப்படித்தான் கற்றுக்கொண்டாள். பத்து வயதில் முதன்முதலாகப் பிடித்தபோது எப்படித் தடுமாறினாளோ அப்படியே மறுபடி தடுமாறினாள். வலது கை விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போயின. கிடாரைத் திருப்பிப் பிடித்ததால் வால்யூம் குமிழ் மேல் பக்கம் வந்துவிட்டது. வாசிக்கும்போது முழங்கை அதில் இடித்துச் சத்தம் திடீரென்று கம்மியாகும். பேஜார் பிடித்த குமிழ் என்று திட்டிக்கொண்டே திருப்பி வைப்பாள். அந்த நாட்களில் அவளாகவே ஒரு மெட்டு போட்டாள். பாட்டு வார்த்தை எதுவும் இல்லை, கிடார் மட்டும்தான்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து பஸ் பிடித்து வேலூரில் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தோளில் கிடார், இன்னொரு கையில் பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு சின்ன ஆம்ப், கிடார் சத்தம் வெளியே வருகிற ஸ்பீக்கர் பெட்டி.

"இதை ஒழுங்கா ரெக்கார்டு பண்ணிக் குடுடா. வாசிக்கிறப்ப எனக்கு விரல் மேலதான் கண்ணு. வெளிய எப்படிக் கேக்குதுன்னு எனக்கே தெரியல."

நான் காலேஜில் காமர்ஸ் வாத்தியார். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு எடுக்க ஒரு மைக்கும், அதை லேப்டாப்பில் சேர்க்கிற சின்னப் பெட்டியும் வாங்கியிருந்தேன். அதனால் குடும்பத்தில் எனக்கு சவுண்ட் இன்ஜினியர் என்ற பெயர்.

மைக்கே வேண்டாம், ஆம்பிலிருந்து நேராக ஒயர் போட்டு லேப்டாப்பில் ஏற்றிவிடலாம் என்றேன். காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரன் ஓயாது. பக்கத்து வீட்டில் கிரைண்டர். ஒயரில் போனால் அந்தச் சத்தம் எதுவும் வராது. ஹெட்போன் துளையில் ஒயரைச் செருகியதும் ஆம்பின் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. அவள் வாசித்தாள். திரையில் கோடுகள் அழகாக ஓடின. ஒரு தூசிச் சத்தம்கூட இல்லை. எனக்குத் திருப்தி.

அவள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முழுசும் கேட்டாள்.

"சுத்தமா இருக்கு. ஆனா இது பாலிதீன் கவருக்குள்ள மாட்டின வண்டு மாதிரி இருக்குடா. கம்பி தெரியுது, பெட்டி தெரியல."

மறுபடி போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். அந்தச் சின்ன ஸ்பீக்கரின் அட்டை அதிர்ந்து காற்றைத் தள்ளும்போது வருகிற கனம் இதில் இல்லை. நான் ஸ்பீக்கரையே தாண்டிப் போயிருந்தேன்.

சரி, மைக் வைப்போம் என்று ஆம்பைப் படுக்கையறையில் ஸ்டூல் மேல் வைத்தோம். மெத்தையும் தலையணையும் எதிரொலியை அடக்கும் என்று கணக்கு. முதல் தடித்த கம்பியை மீட்டியதுமே எங்கிருந்தோ கிணிகிணி என்று ஒரு நடுக்கம். ஸ்டூலை மாற்றினோம். கிடார் பைக்குள் அவள் மெத்தென்று இருக்கப் போட்டிருந்த ஷூ ஃபோமில் ஒரு துண்டை ஆம்புக்கு அடியில் வைத்தோம். போகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே வந்து, பீரோவைத் திறந்து, கண்ணாடி வளையல் டப்பாவை எடுத்து மெத்தையில் வைத்தாள். நடுக்கம் நின்றது.

"குக்கரையும் அணைச்சிட்டேன் அண்ணி. சோறு அப்புறம் வெச்சுக்கலாம், நீங்க வாசிங்க" என்றாள்.

ஸ்பீக்கரின் நட்ட நடுவில் மைக்கை வைத்தால் சத்தம் காதைக் குத்தியது. ஓரத்துக்குக் கொண்டுபோனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் மங்கியது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் மண்டியிட்டு மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவள் ஓரிடத்தில் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அங்கயே விடு. கைய எடுத்துடு."

நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட ஒரு இடம். அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை.

ஹாரன், கிரைண்டர், ஒரு தடவை குமிழில் முழங்கை என்று பலமுறை வாசிப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து தொடங்கினாள். பாதியில் பிடித்து ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "ஒட்டினா அது நான் வாசிச்சதா ஆகாதே" என்றாள். அத்தனை முறையும் முகத்தில் சலிப்பே இல்லை. காய்த்துப்போன அந்த வலது கை விரல்கள் கம்பிகளின் மேல் நடப்பதை, தரையில் உட்கார்ந்து வெகு அருகில் பார்த்தேன். எனக்கு விபத்து நடந்திருந்தால் கிடாரைப் பரண்மேல் போட்டிருப்பேன் என்று அப்போது தோன்றியது.

கடைசியில் ஒரு முழு வாசிப்பு கிடைத்தது. ஹெட்போனில் வேண்டாம், வெளியிலேயே போடு என்றாள். நாங்கள் மூவரும் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டோம். கனமான, கொஞ்சம் கரகரப்பான சத்தம். ஆழத்தில் எங்கேயோ ஒரு ஆட்டோ போவதும் கேட்டது. அவள் கண்ணை மூடியிருந்தாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான்டா வாசிக்கிறேன்" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. யாரோ சொன்ன சேதி உண்மைதானா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவள் போலச் சொன்னாள்.

பிறகு, "மெட்டுல ரெண்டாவது வரியில ஒரு இடத்துல விரல் சரியா அமுங்கல. அடுத்த வாரம் வர்றேன்" என்றாள்.

யாருக்கும் தெரியாதுக்கா, விட்டுவிடலாம் என்றேன். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பஸ்ஸில் வந்தாள். மைக் ஸ்டாண்டும் ஸ்டூலும் இருந்த இடத்தில் நான் தரையில் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருந்தேன். ஆட்டோ ஓய்ந்த ஒரு இடைவெளியில் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். ரெண்டாவது வரி சுத்தமாக வந்தது. கிடாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தவள், காலையில் முதல் ஷிப்ட் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடு என்றாள்.