பதினைந்து நாள் நீட்டிப்பு

வருமான வரி அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, படிவம் நிரப்பிக் கொடுப்பவளுக்கு அந்தத் தெருவில் ‘தேதியக்கா’ என்று பெயர். கடைசித் தேதிகளின் சரித்திரம் முழுக்க அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவள் தொழிலுக்கு வந்த புதிதில் கெடு ஒன்றுதான், வருஷம் முடிந்த மூன்றாம் மாதக் கடைசி நாள். வெயிலில் வரிசையில் நின்று ஏழு பேர் மயங்கி விழுந்த பிறகு ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்த வருஷம் இரண்டு வாரம் கூட்டினார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் சம்பளக்காரர்களுக்கு ஒன்று, கடைக்காரர்களுக்கு ஒன்று என்று தேதியையே இரண்டாகப் பிரித்தார்கள்.

கம்ப்யூட்டரோடு எதிர்வரிசைக்கு இன்னொருத்தியும் வந்தாள். வேறு யாருமில்லை, கொழுந்தன் மனைவிதான். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, போதாததற்கு அந்தச் சிரிப்பு. இரண்டே வருஷத்தில் தேதியக்காவின் ஆட்களில் பாதிப்பேர் சாலையைக் கடந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறக்கும்போதும் இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் மாமியார் சின்ன மருமகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பேச ஆரம்பித்தால் சோறு இறங்காது.

இந்த வருஷம் பதினைந்து நாள் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே கண்ணாடிக் கதவில், ‘அவசரம் வேண்டாம், இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது’ என்று காகிதம் தொங்கியது. தேதியக்கா அறிவிப்பை அடிவரி வரை படித்திருந்தாள். நீட்டிப்பு சம்பளக்காரர்களுக்கு மட்டும். கடைக்காரர்களுக்குப் பழைய தேதியேதான். எதிர்க்கடைக்குப் போகிறவர்கள் முக்கால்வாசியும் கடைக்காரர்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தாள்.

பழைய கெடுவின் கடைசி நாள் மதியம், தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் அந்தப் பக்கம் வந்தார். பதினெட்டு வருஷம் அவளிடமே படிவம் நிரப்பியவர், போன வருஷம்தான் எதிரே தாவியிருந்தார்.

“என்ன, வேலை முடிஞ்சுதா?” என்றாள்.

“அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு. உங்ககிட்ட வந்தா ஒரே திட்டுதான். அது சிரிச்சுக்கிட்டே செஞ்சு குடுத்துடுது, தேதியக்கா.”

சுருக்கென்றது. போய் நன்றாகப் படட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அபராதம் கட்டப்போவது சிரித்தவள் இல்லை, ரெண்டு மெஷினை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் இந்த மனிதர்தான். ஆத்திரத்தோடு எழுந்து சாலையைக் கடந்தாள்.

“அறிவிப்ப முழுசா படிச்சியாடி? கடைக்காரங்களுக்கு இன்னிக்கு ஆறு மணியோட சரி!”

கொழுந்தன் மனைவியின் முகம் வெளிறிப்போனது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் தேதியக்கா இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். பார்த்தபோது நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

“ஐயோ அக்கா, முப்பத்தோரு பேர் இருக்காங்களே! நான் என்ன பண்ணுவேன்?”

“அழாத. எல்லாருக்கும் போனைப் போடு. நான் படிச்சுச் சொல்றேன், நீ தட்டு.”

இவள் காகிதங்களைப் பிரித்துப் படிக்க, அவள் விரல்கள் பறந்தன. ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிப் படிவம் போய்ச் சேர்ந்தது.

“நல்ல வேளை, நீ போன் பண்ணினே தாயி!” என்று கூடியிருந்தவர்கள் அந்தப் பெண்ணைக் கொண்டாடினார்கள்.

“நான் இல்லைங்க, அக்காதான் சொன்னாங்க.”

“பாரு, எவ்வளவு அடக்கம்!” என்றார் தையல்காரர்.

தேதியக்காவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொன்னால்கூட நல்ல பெயர் அவளுக்கே போகிறது!

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது கொழுந்தன் மனைவி ஏதாவது சந்தேகத்தோடு சாலையைக் கடந்து வருகிறாள். தேதியக்கா சரியான பதிலைத்தான் சொல்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்து, ஐந்து நிமிஷம் அவளை நிற்க வைத்துவிட்டுத்தான் சொல்கிறாள்.