‘நிறுத்து’ என்று முடிந்த படம்

ஸுலைஹா நன்றாகக் கணக்குப் படிப்பிப்பாள் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார்மாருக்கே படிப்பிக்க அவள் யார் என்பதுதான் பலருடைய வயிற்றெரிச்சல். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது அவள் கைக்குழந்தை. கரைத்தீவில் ஓலைக் குடிசையில் வளர்ந்து, ஆசிரியையாகி, இப்போது கணித ஆசிரிய ஆலோசகராக நிற்கிறாள். முதல் நாள் பயிற்சியிலேயே, “அகதிப் புள்ள நமக்குப் பாடம் எடுக்க வந்திட்டுது” என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். அவள் கேட்காத மாதிரி வெண்கட்டியைக் கையில் எடுத்தாள்.

பயிற்சிக்குக் கணிமைச் சிந்தனை என்று பெயர். கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிக்கூடங்களில், கணக்குப் பாடத்துக்குள்ளேயே கம்ப்யூட்டர் மாதிரி ஒழுங்காக யோசிக்கப் பழக்க வேண்டுமாம். மேலிடத்துக்கு இப்படியெல்லாம் ஆசை வரும். ஆனால் ஸுலைஹா அதை மனதார நம்பினாள். பெரிய கணக்கைக் கண்டதும் கைகால் உதறும் பிள்ளைக்கு, அதைத் துண்டு துண்டாக உடைத்து, எதற்குப் பிறகு எது என்று காட்டிக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். குடிசைப் பிள்ளைகள் கரையேற இதைவிட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் தில்லையடியில் வகுப்பு. ஆசிரியர்கள் பெரிய டிமைத் தாளில் பாய்ச்சற் படம் வரைந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி; ஓம் என்றால் ஒரு அம்புக்குறி, இல்லை என்றால் இன்னொன்று. தொடக்கத்தில் ‘தொடங்கு’, முடிவில் ‘நிறுத்து’. அந்தக் கடைசிச் சொல்லை மறந்தவர்களை ஸுலைஹா விடவே மாட்டாள். “நிறுத்து போடாட்டி படம் முடியாது” என்று திருப்பி அனுப்புவாள்.

கரைத்தீவுப் பக்கத்து ஆசிரியை ஷம்லாவின் படம்தான் எல்லாவற்றிலும் திறம். சமன்பாடு விளங்காத பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று வரைந்திருந்தாள். விளங்கியதா? இல்லை என்றால் வேறு விதமாகச் சொல். இப்போதாவது விளங்கியதா? இல்லை என்றால் இலகுவான பயிற்சி கொடு. நிறுத்து. ஸுலைஹாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இதத் தாய் தகப்பன்மாருக்கும் காட்டுங்க ஷம்லா. ஒவ்வொரு புள்ளயும் எந்த வழியால போகுதெண்டு சிவப்புக் கோடு போட்டு வீட்டுக்கு அனுப்புங்க.”

ஷம்லா அப்படியே செய்தாள். பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போன தாள்களில் ஒன்று, உப்பளத்தில் வேலை செய்யும் நெய்னாரின் வீட்டுக்கும் போனது. அவருடைய மகள் றுஷ்னா பதினோராம் ஆண்டு. அதன்பிறகு றுஷ்னா பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று ஷம்லா இருந்துவிட்டாள். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் நாள் நெருங்கிய பிறகுதான் விசாரித்தாள். பிள்ளை இனி வரவே மாட்டாள் என்று தெரிந்ததும் பதறிப்போய் ஸுலைஹாவையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினாள்.

நெய்னார் கதிரை போட்டு மரியாதையாக இருத்தினார்.

“டீச்சர்மார் சொன்னபடிதான் நிப்பாட்டினன்” என்றார்.

“நாங்க எப்ப நிப்பாட்டச் சொன்னம், நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஸுலைஹா.

அவர் அலுமாரியிலிருந்து தாளை எடுத்து வந்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். “இது என்ட புள்ளட பேர். இதில இல்ல. இதிலயும் இல்ல. கடைசில நிறுத்து. இத வேற எப்பிடி வாசிக்கிற?”

பிள்ளையைப் பள்ளியால் நிறுத்துவது என்று ஸுலைஹாவும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாள். கரைத்தீவில் எத்தனை பெண் பிள்ளைகளின் கதை அந்தச் சொல்லோடு முடிந்தது. அதே சொல்லைத்தான் சனிக்கிழமை சனிக்கிழமையாக அடித்துத் திருத்தி எழுத வைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவள் காதுக்கு அது உறைக்கவில்லை.

“படம் முடிஞ்சிது எண்டுதான் நானா அதுக்கு அர்த்தம். பிழ எங்கட. நாளைக்கே புள்ளய அனுப்புங்க, விண்ணப்பம் நான் பாத்துக்கொள்றன்.”

“அனுப்ப ஏலாது டீச்சர்.” நெய்னாரின் குரல் தணிந்தது. “மூத்தவ றுஷ்னா வீட்டில நிக்கிறா, சின்னதுகளப் பாத்துக்கொள்ளுவா எண்டுதான் இவட உம்மா குவைத்துக்குப் போக ஓம்பட்டா. போன கிழம பிளேன் ஏறிட்டா. இனி ரெண்டு வருசத்துக்கு வர ஏலாது.”

அதற்கு மேல் ஷம்லாவால் இருக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குசினி வாசலில் றுஷ்னா, தம்பியைத் தூக்கியபடி நின்றாள். ஸுலைஹா எழுந்து அவளுக்குக் கிட்டப் போனாள்.

“உனக்குமா, மகள், விளங்கல்ல? வகுப்பில படிப்பிச்சதுதானே?”

“விளங்கிச்சு டீச்சர். நிறுத்து எண்டா அந்த வேல முடிஞ்சிது எண்டு மட்டும்தான். வாப்பாக்கிட்டயும் சொன்னன்.”

“வாப்பா என்ன சொன்னார்?”

நெய்னார் தலையைக் குனிந்துகொண்டார். றுஷ்னா தம்பியை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“‘உனக்கு விளங்காதெண்டுதானே டீச்சர்மார் இதில எழுதி அனுப்பி இரிக்கிறாங்க’ எண்டார்.”