அயர்லாந்துக்கு மூன்று நிமிடம்

1962-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைச் சட்டப்படி ஒப்படைத்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் மாமா வைத்துக்கொண்டார். இந்தியாவோடு இணையவேண்டும் என்று ஊர்வலம் போய் போலீசிடம் உதைபட்டவர் என் அப்பா. மாமாவை வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதன்பிறகு மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. தன் அண்ணன் இல்லாமல் அம்மாவுக்கு மீன்குழம்பு இறங்காது. தூக்குவாளியோடு அடுத்த தெருவுக்கு நடந்தது நான்.

1971-இல், எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டி. தலைப்பு, அயர்லாந்தின் விடுதலைப் போர். நேரம், மூன்று நிமிடம். 1916-இல் டப்ளின் அஞ்சலகத்தைப் பிடித்து, தோற்று, சுட்டுக் கொல்லப்பட்டவர்களோடு அப்பா பேச்சை முடித்துக் கொடுத்தார். குழம்பு கொண்டுபோன இடத்தில் மாமாவிடம் அதை ஒப்பித்தேன்.

"செத்தவனா நாடு வாங்கிக் குடுத்தான்? அஞ்சு வருஷம் கழிச்சு லண்டன்ல உக்காந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன் வாங்குனான். உங்கப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன்.

"இங்கிலீஷ் ராஜாவுக்கு விசுவாசமா இருக்கேன்னு சத்தியம் பண்ணி வாங்குனா அது சுதந்திரமில்ல, ரேஷன் கார்டு. போய் உங்க மாமாகிட்ட சொல்லு."

மேல்முறையீடுகள் ஒரு வாரம் நடந்தன. எவருடைய உழைப்பும் வீணாக வேண்டாமென்று நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு என்ன ஆயிற்று என்று வரலாற்று டீச்சரைக் கேட்டு அதையும் சேர்த்தேன்.

போட்டியன்று அப்பாவும் மாமாவும் மண்டபத்தின் இரு கோடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தம் வேண்டுமென்றவர்களும் வேண்டாமென்றவர்களும் முன்பு ஒரே அணியில் நின்றவர்கள், வெள்ளைக்காரன் போனதும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்று நான் சொல்லும்போது மணி அடித்துவிட்டது. ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

வெளியே அம்மாவோடு நின்ற என்னிடம் இருவரும் வந்தார்கள். அப்பாதான் ஆரம்பித்தார்.

"அப்பறம் அந்த ஊர்ல என்னதான் ஆச்சு மச்சான்?"

"வடக்க, வெள்ளைக்காரன் வச்சிக்கிட்ட பக்கம் இன்னும் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்களாம். ரேடியோல சொன்னான்."

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. கொடுவா மீன் ஆக்கியிருக்கேன். எம் பொண்ணு இனிமே தூக்குவாளி தூக்கமாட்டா."

மாமா வந்தார்.

1998-இல் அந்த வடக்கிலும் உடன்பாடு ஏற்பட்டது. அங்கே பிறந்தவர் ஐரிஷ்காரராகவோ பிரிட்டிஷ்காரராகவோ, இரண்டுமாகவோ இருந்துகொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்து. அலுவலகத்தில் செய்தித்தாளைப் பிரித்துவைத்து அதை மட்டும் இரண்டுமுறை படித்தேன். வரைவு, திருத்தம், ஒப்புதல் எதுவுமின்றி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டு அம்மா அதை எப்போதோ அமல்படுத்தியிருந்தாள்.

மாமா சாப்பிட வந்த அன்று எனக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. இருவரும் சாப்பிட்டபடி நெரவி வயல்களில் நாற்று நட்டாயிற்றா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்தின்மேல் அவ்வளவு பற்று வைத்திருந்தவர்கள் ஒரே வேளைச் சோற்றில் அதை மறந்துவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது.